பட்டம் இருந்தும் வேலை இல்லையா: மலையகப் பிள்ளைங்க பைல் கட்டுறதுல இருந்து முறைப்பாடு போடுறது வரைக்கும் முழு வழிகாட்டி

தலவாக்கலை பக்கத்துல ஒரு தோட்டத்துல பொறந்து, தமிழ்நாட்டுல ஒரு காலேஜ்ல டிகிரி முடிச்சிட்டு திரும்பி வந்தவன் நான். வந்த முதல் வருஷம் கொழும்புல ஒரு கொம்பனிக்கு இன்டர்வியூ போனேன். சிவியை கையில எடுத்தவர் முதல்ல பார்த்தது மார்க்ஸ் இல்ல, அட்ரஸ். "எஸ்டேட்டா?"ன்னு கேட்டார், ஆமா சேர்னு சொன்னேன். அதுக்கு பிறகு அஞ்சு நிமிஷம்கூட பேசல, இந்தியா டிகிரி இங்க செல்லுமான்னு தெரியல தம்பி, அங்கீகாரம் இருந்தா கொண்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. நானும் நம்பி ஓடி ஓடி அங்கீகாரக் கடிதத்தை வாங்கிட்டு மெயில் போட்டேன், போஸ்ட் நிரப்பியாச்சுன்னு ஒரே ஒரு வரி பதில் வந்துச்சு. ரெண்டு கிழமை கழிச்சு பேப்பரைத் திறந்தா அதே கொம்பனி, அதே போஸ்ட், அதே விளம்பரம்.

அன்னைக்கு எனக்கு புரிஞ்ச ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுறேன். நம்மள வேணாம்னு சொல்றதுக்கு ரெண்டு வகை காரணம் இருக்கு, ஒண்ணு பேப்பர் காரணம், இன்னொண்ணு ஆள் காரணம். பட்டத்துக்கு அங்கீகாரம் இல்ல, பேரு ஒத்து வரல, சான்றிதழ் குறையுதுன்னா அது பேப்பர் காரணம். நீ எந்த ஊரு, என்ன இனம், உங்க அப்பா என்ன வேலைன்னு பார்த்து ஒதுக்குனா அது ஆள் காரணம். ஆள் காரணத்தை யாருமே வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க, பேப்பர் காரணத்துக்கு பின்னாடி ஒளிச்சு வச்சிருவாங்க. அதனால முதல் வேலை பேப்பரை சுத்தம் பண்றது, குத்தம் சொல்ல ஒரு இடமும் வைக்கக் கூடாது, அதுக்கு பிறகும் வேணாம்னாங்கன்னா அந்த மறுப்பு மட்டும் தனியா வெளிய தெரியும், அதை வச்சு கேள்வி கேக்கலாம், முறைப்பாடு போடலாம். நான் தோத்தது அங்கதான். முதல் விளம்பரத்தை வெட்டி வைக்கல, இன்டர்வியூ நடந்த திகதியைக்கூட எழுதி வைக்கல, கையில ஒண்ணும் இல்லாம வயித்தெரிச்சலோட இருந்தேன். இப்ப ஏழெட்டு வருஷமா ஹட்டன், கொட்டகலை, மஸ்கெலியா பக்கத்துப் பிள்ளைங்களுக்கு பைல் கட்டிக் குடுக்கிறேன், அந்த அனுபவத்துல இருந்து படிப்படியா சொல்றேன்.

ஏன் பேப்பர்ல தொடங்குறேன்னு சில பேர் கேப்பாங்க. நம்ம சமூகத்தை பேப்பர் இல்லாத சமூகமா ஆக்கினது இந்த நாட்டோட சட்டம். 1948ல வந்த 18ஆம் இலக்க பிரஜாவுரிமைச் சட்டம் நம்ம தாத்தா பாட்டிங்கள நாடற்றவங்களா ஆக்குச்சு, 1964ல சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்து ஆளுங்கள கணக்குப் போட்டு இலங்கை, இந்தியான்னு ரெண்டு நாட்டுக்கும் பிரிச்சாங்க, மிச்சம் இருந்தவங்களுக்கு 2003ல 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் முழுசா விடிஞ்சுது. அதனால நம்ம வீட்டு டிரங்குப் பெட்டியில இருக்கிற ஒவ்வொரு கடதாசிக்கும் ஒரு பெறுமதி இருக்கு. தாத்தா, அப்பாவோட பிரஜாவுரிமைப் பத்திரம் இருந்தா அதை லெமினேட் பண்ணாதீங்க, பின்பக்கம் இருக்கிற சீல் எழுத்தை பிறகு யாரும் சரிபார்க்க முடியாம போயிரும், ரெண்டு போட்டோ கொப்பி எடுத்து, போன்ல ஸ்கேன் பண்ணி வச்சிட்டு ஒறிஜினலை பிளாஸ்டிக் கவர்ல போட்டு வைங்க.

முதல் படி: எல்லா பேப்பர்லயும் ஒரே பேரு

இதுலதான் நம்ம பிள்ளைங்க அதிகமா அடிபடுறாங்க. பிறப்புப் பத்திரம் பதிஞ்சது பெரும்பாலும் தோட்டத்து ஒபிஸ் மூலமா போன தகவல வச்சு, எழுதினவர் காதுல விழுந்த மாதிரி எழுதியிருப்பார். பிறகு ஸ்கூல்ல மாஸ்டர் வேற மாதிரி இங்கிலிஸ்ல எழுதுவார், அடையாள அட்டையில இன்னொரு மாதிரி, பாஸ்போர்ட்ல வேற மாதிரி. மாரிமுத்துங்கிற ஒரே பேர்ல ஒரு பேப்பர்ல எச் இருக்கும் ஒரு பேப்பர்ல இருக்காது, அப்பா பேரு சில இடத்துல முன்னாடி இனிஷியலா, சில இடத்துல பின்னாடி முழுசா நிக்கும். இங்க இருக்கிறவரைக்கும் யாரும் கண்டுக்க மாட்டாங்க. கனடாவுலயோ லண்டன்லயோ ஒரு ஒபிஸர் பார்த்தா இது ரெண்டு பேரோட சான்றிதழ்னு பைலை ஒதுக்கி வச்சிருவாங்க.

ஒரு வெள்ளைத்தாள் எடுத்து பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, ஓ.எல், ஏ.எல், டிகிரி, பாஸ்போர்ட்னு வரிசையா எழுதி, ஒவ்வொண்ணுலயும் பேரு எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்குன்னு பக்கத்துல எழுதுங்க. எது அதிகமான பேப்பர்ல இருக்கோ அதை வச்சுக்கிட்டு மத்ததை அதுக்கு கொண்டு வரப் பாருங்க. பிறப்புப் பத்திரத்துல பிழை இருந்தா பிரதேச செயலகத்துல இருக்கிற பதிவாளர் பிரிவுல திருத்தத்துக்கு போடணும், அது மாசக்கணக்குல இழுக்கும், அதனால வேலை தேட முன்னாடியே போட்டிருங்க. சின்ன வித்தியாசம்னா இந்த ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு ஒரு சத்தியக்கடதாசி லோயர் மூலமா எடுத்து பைல்ல முதல் பக்கத்துலயே வைங்க, கேட்ட பிறகு தேடுறதைவிட கேக்க முன்னாடியே குடுக்கிறது நல்லது.

இன்னொரு விஷயம், நம்ம பிறப்புப் பத்திரத்துல இனம்ங்கிற இடத்துல இந்தியத் தமிழர்னு இருக்கும். வெளிநாட்டு ஒபிஸர் அதை மொழிபெயர்ப்புல படிச்சிட்டு, நீங்க இந்தியப் பிரஜையான்னு கேட்ட சம்பவத்தை நானே பார்த்திருக்கேன். அது இனத்தைச் சொல்ற சொல்லு, பிரஜாவுரிமை இலங்கைதான்னு ஒரே வரியில பதில் எழுதி, பாஸ்போர்ட் கொப்பியை இணைச்சா போதும், பயப்பட வேண்டாம்.

ரெண்டாவது படி: கடிதம் கைக்கு வர்ற அட்ரஸ்

லயத்துக்கு தனி அட்ரஸ் இல்லாம மேற்பிரிவு, கீழ்ப்பிரிவுன்னு மட்டும் எழுதி, கடிதம் எல்லாம் தோட்டத்து ஒபிஸுக்கு போய் அங்கிருந்து எவர் கையிலயாவது வந்து சேர்ற நிலைமை இன்னும் நிறைய இடத்துல இருக்கு. இன்டர்வியூ முடிஞ்ச பிறகு கடிதம் வந்த பிள்ளைங்க எத்தனை பேர். அதனால தபால் அட்ரஸுக்கு டவுன்ல இருக்கிற நம்பிக்கையான ஒரு சொந்தக்காரங்க, கடைக்காரங்க அட்ரஸை கேட்டு வாங்குங்க, போன் நம்பரும் மெயிலும் கட்டாயம் போடுங்க. நிரந்தர விலாசம்னு தனியா கேட்டா தோட்டத்து அட்ரஸைத்தான் போடணும், பொய் எழுதக் கூடாது, பிறகு கிராம சேவகர் சான்றிதழோட ஒத்து வராம போனா அதுவே பேப்பர் காரணமா ஆயிரும்.

மூணாவது படி: பட்டத்துக்கு அங்கீகாரம், இங்க இலங்கையில

இந்தியத் தூதரகம் குடுக்கிற ஸ்கொலர்ஷிப்லயும் சொந்தச் செலவுலயும் இந்தியா போய் படிச்ச பிள்ளைங்க நம்ம பக்கத்துல நிறைய. இலங்கையில கவர்மென்ட் வேலை வர்த்தமானியைப் பார்த்தீங்கன்னா, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிச்ச பட்டம்னு ஒரு வரி இருக்கும், அந்த வரிதான் கதவு. ஆணைக்குழு கொழும்பு 7ல வார்ட் பிளேஸ்ல இருக்கு. உங்க யுனிவர்சிட்டி அங்கீகரிக்கப்பட்டதான்னு அவங்ககிட்ட எழுத்து மூலமா கடிதம் வாங்கணும். டிகிரி சான்றிதழ், எல்லா செமஸ்டரோட மார்க் ஷீட், பாஸ்போர்ட்ல இந்தியா போய் வந்த சீல் இருக்கிற பக்கம், இதெல்லாம் கையில இருக்கணும். புரொவிஷனல் சான்றிதழை மட்டும் வச்சிக்கிட்டு வந்திராதீங்க, பட்டமளிப்பு நடக்கும்னு காத்திருந்து ஒறிஜினலை வாங்கிட்டு வாங்க, இங்க வந்த பிறகு அங்க இருக்கிற ஒபிஸை போன்ல பிடிக்கிறதுக்குள்ள ஒரு வருஷம் ஓடிரும்.

படிக்க போறதுக்கு முன்னாடியே இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: காசு கட்ட முன்னாடி ஆணைக்குழுகிட்ட கேளுங்க, சேர்ந்த பிறகு இல்ல. ஏஜென்ட் காட்டுற கலர் புத்தகத்துல எல்லா காலேஜும் அங்கீகாரம் உள்ளதுதான். காலேஜ் பேரு முக்கியம் இல்ல, பட்டம் குடுக்கிற யுனிவர்சிட்டி பேரு முக்கியம். தொலைக்கல்வின்னா இன்னும் ரெண்டு மடங்கு கவனம் வேணும், ஏன்னா இந்தியாவுல தொலைக்கல்விக்கு தனி அனுமதி எடுக்கணும், யுனிவர்சிட்டிக்கு அங்கீகாரம் இருந்தாலும் அந்த குறிப்பிட்ட கோர்ஸுக்கு, நீங்க படிச்ச வருஷத்துக்கு அனுமதி இல்லாம இருக்கலாம். டவுன்ல ஒரு மாடியில நடக்கிற சென்டர்ல மூணு வருஷம் காசு கட்டிட்டு கடைசியில எங்கயும் காட்ட முடியாத ஒரு பேப்பரோட நிக்கிற பிள்ளைங்கள பார்த்தா மனசு தாங்காது, அந்தக் காசு அம்மா கொழுந்து பறிச்ச காசு.

டாக்டர் படிப்புன்னா ஆணைக்குழு கடிதம் போதாது. இலங்கை மருத்துவ சபை அந்த யுனிவர்சிட்டியை ஏத்துக்கிட்டிருக்கணும், முடிச்சிட்டு வந்து ஈ.ஆர்.பி.எம். பரீட்சை பாஸ் பண்ணணும், அதுக்கு பிறகுதான் இன்டர்ன்ஷிப். ரஷ்யா, சீனா, பங்களாதேஷ் எங்க போனாலும் இதே கணக்குத்தான், போக முன்னாடி சபைகிட்ட எழுத்துல கேட்டு வச்சுக்கங்க.

இன்ஜினியரிங் கொஞ்சம் சிக்கல், ஆனா தெரிஞ்சிக்கிட்டா நல்ல லாபம். வொஷிங்டன் உடன்படிக்கைன்னு ஒண்ணு இருக்கு, அதுல இருக்கிற நாடுகள் ஒருத்தர் அங்கீகரிச்ச இன்ஜினியரிங் பட்டத்தை மத்தவங்க சமமா ஏத்துப்பாங்க. இலங்கையும் இந்தியாவும் 2014ல முழு உறுப்பினரா சேர்ந்துச்சு. இலங்கையில இன்ஜினியர்கள் நிறுவனம் அங்கீகரிச்ச பட்டம்னா, உதாரணத்துக்கு பேராதனை, மொரட்டுவைப் பட்டம், அது கையில இருந்தா அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, பிரித்தானியான்னு எல்லா இடத்துலயும் கதவு பாதி திறந்திருக்கும். ஆனா இந்தியப் பட்டத்துக்கு ஒரு கண்டிஷன் இருக்கு, அங்க என்.பி.ஏ.ன்னு சொல்ற அங்கீகார சபை முதல் தரம்னு வகைப்படுத்தின கோர்ஸுக்கு மட்டும்தான் அந்த உடன்படிக்கை பொருந்தும். ஒரு பெரிய யுனிவர்சிட்டியோட இணைஞ்ச தனியார் காலேஜ்கள் பெரும்பாலும் ரெண்டாம் தரத்துலதான் வரும். அதனால ஒரே யுனிவர்சிட்டி பேர்ல பட்டம் வாங்கின ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு ஏத்துப்பாங்க, மத்தவருக்கு தனியா மதிப்பீடு பண்ணச் சொல்லுவாங்க. இதை இன ஒதுக்கல்னு நினைச்சு சண்டை போடாதீங்க, இது பேப்பர் காரணம், தனி மதிப்பீட்டுக்கு போட்டா தீரும்.

பட்டம் இல்ல, ஆனா கையில தொழில் இருக்குன்னு சொல்றவங்கதான் நம்ம பக்கத்துல அதிகம். தேயிலை பெக்ட்ரியில பத்து வருஷம் மெஷின் பார்த்தவர், கொழும்புல ஹோட்டல் கிச்சன்ல நின்னவர், வயரிங் பண்றவர். இவங்களுக்கு என்.வி.கியூ.ன்னு தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கு. படிச்ச பேப்பர் இல்லாட்டியும் செய்ற வேலையை நேர்ல பார்த்து மதிப்பிட்டு 3ஆம் அல்லது 4ஆம் மட்டம் குடுக்கிற முறை இருக்கு, மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவோட முறை அது. பழைய முதலாளிகள்கிட்ட எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும் என்ன வேலை பார்த்தீங்கன்னு லெட்டர் வாங்கி வைங்க, செஞ்ச வேலையோட போட்டோ எடுத்து வைங்க, ஹட்டன்ல இருக்கிற தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையத்துலயோ பக்கத்துல இருக்கிற வேற பயிற்சி நிலையத்துலயோ விசாரிங்க. பேப்பர் இல்லாத கைக்கு கங்காணி காலத்து சம்பளம்தான் குடுப்பாங்க, உள்நாடானாலும் கல்ஃப் ஆனாலும்.

நாலாவது படி: வெளிநாட்டுல உங்க படிப்பை மதிப்பிடுறது

இங்க எல்லாரும் குழம்புற இடம் ஒண்ணு. மதிப்பீடு வேற, லைசென்ஸ் வேற. கனடாவுக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரிங்கிற குடியேற்ற முறையில போடணும்னா வெஸ் மாதிரி ஒரு நிறுவனத்துகிட்ட படிப்பு மதிப்பீடு எடுக்கணும், அது அஞ்சு வருஷத்துக்கு செல்லும். உங்க பட்டம் கனடாவுல என்ன பட்டத்துக்கு சமம்னு மட்டும்தான் அது சொல்லும். அதை வச்சிக்கிட்டு நர்ஸாவோ இன்ஜினியராவோ வேலை செய்ய முடியாது, அதுக்கு அந்தந்த மாகாணத்துல இருக்கிற தொழில்சார் சபையில லைசென்ஸ் எடுக்கணும். மதிப்பீடு கிடைச்சதும் வீட்டையே அடகு வச்சு கிளம்பிப் போய், அங்க லைசென்ஸுக்கு இன்னும் ரெண்டு வருஷம்னு தெரிஞ்சு கடை வேலைக்கு நின்ன அண்ணன் ஒருத்தர் எனக்கு நெருக்கம், அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன். லைசென்ஸ் விஷயத்தை இங்க இருக்கும்போதே தொடங்குங்க.

பிரித்தானியாவுல யு.கே. எனிக்னு ஒரு நிறுவனம் மதிப்பீடு குடுக்கும், பழைய பேரு நாரிக், சில ஏஜென்ட் இன்னும் அந்தப் பேரைத்தான் சொல்லுவாங்க. நர்ஸுக்கு அங்க ரெண்டு பரீட்சை, ஒண்ணு கம்ப்யூட்டர்ல, இன்னொண்ணு நேர்ல செய்முறை. டாக்டருக்கு பிளாப்னு ஒரு பரீட்சை. கல்ஃப்ல நர்ஸ், லேப், பார்மசி வேலைன்னா டேட்டாஃப்ளோன்னு ஒரு சரிபார்ப்பு வரும், அவங்க நேரா உங்க ஸ்கூலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் எழுதிக் கேப்பாங்க, சிவியில ஒரு மாசம் கூட்டி எழுதினாலும் அங்க மாட்டிக்குவீங்க.

மதிப்பீட்டு நிறுவனங்கள் பல, மார்க் ஷீட்டை உங்க கையால அனுப்பினா ஏத்துக்காது, யுனிவர்சிட்டியே கவரை ஒட்டி சீல் வச்சு நேரா அனுப்பணும். அதனால படிச்ச இடத்து பரீட்சைப் பிரிவுல ஒருத்தரோட நல்ல தொடர்பு வச்சிருங்க. இலங்கைச் சான்றிதழுக்கு வெளிவிவகார அமைச்சோட கொன்சியூலர் பிரிவுல அத்தாட்சி எடுக்கலாம், பத்தரமுல்லைக்கு போக வேண்டியதில்ல, கண்டியிலயும் ஒபிஸ் இருக்கு. இந்தியச் சான்றிதழுக்கான அத்தாட்சியை இந்தியாவுலயே முடிச்சிட்டு வாங்க. மதிப்பீட்டுல உங்க நாலு வருஷ டிகிரியை மூணு வருஷமா குறைச்சுப் போட்டா அப்படியே விட்டிராதீங்க, மறுபரிசீலனை கேக்கலாம், பாடவிதானத்தை முழுசா இணைச்சு எழுதினா மாறுறதுக்கு வழி இருக்கு.

அஞ்சாவது படி: சிவியும் பேரும்

நம்ம பயோடேட்டாவுல இனம், மதம், கலியாணம் ஆச்சா, அப்பா தொழில், போட்டோ எல்லாம் போடுற பழக்கம் இருக்கு. கவர்மென்ட் போர்ம்ல கேட்டா மட்டும் நிரப்புங்க, மத்த இடத்துல எல்லாத்தையும் எடுத்திருங்க. கனடா, பிரித்தானியா சிவியில அதுல ஒண்ணுமே வரக் கூடாது.

ஆனா பேரை எடுக்க முடியாதே. பேரை வச்சு ஒதுக்குறாங்கங்கிறது நம்ம மனப்பிரமை இல்ல, ஆய்வு செஞ்சு நிரூபிச்ச விஷயம். டொரன்டோவுல பிலிப் ஒரியோபோலஸ்ங்கிற பொருளாதாரப் பேராசிரியர் ஆயிரக்கணக்கான சிவிகளை உண்மையான வேலைகளுக்கு அனுப்பிப் பார்த்தார். படிப்பும் அனுபவமும் எல்லாம் கனடாவுலயே எடுத்தது, பேரு மட்டும் வேற. இங்கிலிஸ் பேருக்கு சீன, இந்திய, பாகிஸ்தான் பேரைவிட ஏறக்குறைய 40 வீதம் கூடுதலா அழைப்பு வந்துச்சு. பிரித்தானியாவுல 2019ல வெளிவந்த ஆய்வுல பெரும்பான்மை வெள்ளையினப் பேருக்கு 100க்கு 24 நல்ல பதில், சிறுபான்மைப் பேருக்கு 15. அதாவது அவங்க 10 விண்ணப்பம் போட்டா நீங்க 16 போடணும், அதே பதிலுக்கு. பத்து இடத்துல பதில் வரலன்னு நம்ம பிள்ளைங்க தன் மேலயே குத்தம் கண்டுபிடிச்சு முடங்கிப் போறாங்க. உங்ககிட்ட குறை இல்ல, எண்ணிக்கையை கூட்டுங்க.

பேரை சாம், கிறிஸ்னு மாத்திக்கன்னு சொல்ற ஏஜென்ட் இருக்காங்க. நான் மாத்தச் சொல்ல மாட்டேன். வயித்துப்பாட்டுக்காக மாத்துறவங்கள குறை சொல்லவும் மாட்டேன். ஆனா சான்றிதழ்ல ஒரு பேரு, சிவியில ஒரு பேருன்னா முதல் படியில பட்ட பாடெல்லாம் வீணாப் போயிரும், அதை மட்டும் யோசிங்க. அதைவிட, சிவியில பட்டத்துக்கு பக்கத்துலயே மதிப்பீட்டு முடிவை எழுதுங்க, இன்ன பட்டத்துக்கு சமம்னு இன்ன நிறுவனம் மதிப்பிட்டது, இன்ன வருஷம்னு. படிக்கிறவங்களுக்கு தெரியாத யுனிவர்சிட்டி பேர்ல கண்ணு தங்கி சந்தேகம் வர முன்னாடியே பதில் அங்க இருக்கும்.

ஆறாவது படி: இன்டர்வியூ

எந்த தோட்டம், அப்பா என்ன செய்றார், லயத்துலயா இருக்கீங்க, இதெல்லாம் வேலைக்கு சம்பந்தமில்லாத கேள்வி. சிங்களவங்க மட்டும் கேப்பாங்கன்னு நினைக்காதீங்க, தோட்டக்காட்டான்ங்கிற சொல்லை நம்ம பாஷை பேசுறவங்க வாயிலயும் கேட்டிருக்கேன், கொழும்புலயும் வெளிநாட்டுலயும், அது இன்னும் ஆழமா வலிக்கும். கோபப்படாம, "தலவாக்கலை பக்கம் சேர். இந்த வேலைக்கு தேவையான அனுபவத்தைப் பத்தி சொல்லட்டுமா?"ன்னு திருப்புங்க. வெளிய வந்ததும் பஸ் ஏற முன்னாடி போனை எடுத்து, யார் யார் இருந்தாங்க, என்ன கேட்டாங்க, அவங்க சொன்ன வார்த்தை எது, நேரம் என்னன்னு எழுதி உங்களுக்கே மெயில் போடுங்க. அந்த மெயில்ல திகதி தானா விழும், பின்னாடி அதுதான் சாட்சி.

கவர்மென்ட் வேலைக்கு சிங்களம் வராதான்னு கேட்டு மறுக்கிறாங்கன்னா அரசியலமைப்போட 22(5) உறுப்புரையை ஞாபகம் வச்சுக்கங்க. அரச சேவைக்கு ஆள் எடுக்கிற பரீட்சையை சிங்களத்துலயோ தமிழ்லயோ எழுதுற உரிமை உங்களுக்கு இருக்கு, வேலைக்கு தேவைன்னா மத்த மொழியை சேர்ந்த பிறகு நியாயமான காலத்துக்குள்ள படிக்கச் சொல்லலாம். அந்த மொழி தெரியாம எந்த வேலையையும் செய்யவே முடியாதுங்கிற பதவியைத் தவிர, சேர்ந்த பிறகு படிக்க வேண்டியதை சேரும்போதே தடையா காட்ட முடியாது. ஆனாலும் என் சொந்த அபிப்பிராயம், சிங்களம் படிங்க, பேசவும் போர்ம் நிரப்பவும் தெரிஞ்சா நம்மள ஏமாத்துறது கஷ்டம்.

ஏழாவது படி: மறுப்பு வந்த நாள்ல இருந்து நாளை எண்ணுங்க

வாயால சொன்ன மறுப்பை எழுத்துல வாங்கப் பாருங்க. மரியாதையா ஒரு மெயில்: இன்ன திகதி இன்டர்வியூக்கு வந்தேன், தெரிவாகலன்னு அறிஞ்சேன், என் தகுதியில என்ன குறைன்னு சொன்னா திருத்திக்குவேன். பதில் அங்கீகாரம்தான்னு வந்தா உடனே கடிதத்தை இணைச்சு திருப்பி அனுப்புங்க. பதிலே வராட்டி அதுவும் ஒரு பதிவு. அதே விளம்பரம் திரும்ப வந்தா ஸ்கிரீன்ஷொட் எடுங்க, பேப்பர்னா திகதியோட முழுப் பக்கத்தையும் எடுத்து வைங்க.

கவர்மென்ட் நிறுவனம்னா உங்க கையில பெரிய ஆயுதம் இருக்கு, 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம். தமிழ்லயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்ல. இன்டர்வியூவுக்கு புள்ளி குடுத்த முறை, எனக்கு கிடைச்ச புள்ளி, தெரிவான கடைசி ஆளோட புள்ளி, என் பட்டத்தை தகுதியில்லன்னு முடிவெடுத்த கூட்டத்தோட குறிப்பு, இதையெல்லாம் நம்பர் போட்டு தனித்தனி கேள்வியா கேளுங்க. 14 வேலை நாளுக்குள்ள தகவல் அதிகாரி முடிவு சொல்லணும். மறுத்தா அடுத்த 14 நாளுக்குள்ள அதே நிறுவனத்துல குறித்தளிக்கப்பட்ட அதிகாரிகிட்ட மேன்முறையீடு, அதுக்கும் மேல ரெண்டு மாசத்துக்குள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. சட்டத்தால அங்கீகரிக்கப்பட்ட தனியார் யுனிவர்சிட்டி, தொழில்சார் நிறுவனங்கள்கூட இந்தச் சட்டத்துக்குள்ள வரும், அதனால உங்க வெளிநாட்டுப் பட்டத்தை ஏன் ஏத்துக்கலன்னு அவங்ககிட்டயும் கேக்கலாம்.

எட்டாவது படி: முறைப்பாடு

அரசியலமைப்போட 12(2) உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் எதை வச்சும் பாரபட்சம் காட்டக் கூடாதுன்னு சொல்லுது. பிறந்த இடம்ங்கிற சொல்லை கவனிங்க, லயத்துல பொறந்ததும் அதுக்குள்ள அடங்கும்னு நான் வாதாடுவேன். கவர்மென்ட் செஞ்ச பாரபட்சம்னா 126ஆம் உறுப்புரைப்படி உச்ச நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு போடலாம், ஆனா ஒரு மாசத்துக்குள்ள போடணும். ஒரே ஒரு மாசம். அதுக்குள்ள கொழும்பு போய் லோயர் பிடிச்சு காசு கட்ட நம்மாளுங்களுக்கு எங்க முடியும். அதுக்கு ஒரு வழி இருக்கு, அந்த ஒரு மாசத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு குடுத்தா, அங்க விசாரணை நடக்குற காலத்தை அந்த மாசக் கணக்குல சேர்க்க மாட்டாங்க, 1996ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டத்தோட 13ஆம் பிரிவு அது. கண்டியில பிராந்திய ஒபிஸ் இருக்கு, அவசர நம்பர் 1996. சும்மா முறைப்பாட்டைப் போட்டுட்டு வீட்ல இருந்தா போதாது, விசாரணை நடந்துக்கிட்டு இருக்குன்னு எழுத்துல ஒரு கடிதம் வாங்கி வைங்க, நீதிமன்றம் அதைக் கேக்கும். லோயர் காசுக்கு சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகுங்க, வருமானம் குறைஞ்சவங்களுக்கு இலவசம்.

தனியார் கொம்பனி விஷயத்துல உண்மையைச் சொல்லிடுறேன், இலங்கைச் சட்டம் இங்க பலவீனம். அடிப்படை உரிமை மனு அரச நிர்வாகச் செயலுக்கு எதிராத்தான் போட முடியும், ஆள் எடுக்கும்போது இனத்தைப் பார்த்து ஒதுக்கின தனியார் முதலாளியை நேரா நீதிமன்றத்துக்கு இழுக்க ஒரு தனிச் சட்டம் நமக்கு இல்ல. வேலையில பாரபட்சத்துக்கு எதிரான ஐ.எல்.ஓ.ங்கிற சர்வதேச தொழில் அமைப்போட 111ஆம் சமவாயத்தை இலங்கை 1998லயே ஏத்துக்கிச்சு, ஆனா அதுக்கு ஏத்த மாதிரி தனியார் துறைக்கு சட்டம் இன்னும் வரல. தொழிற்சங்கமும் நம்ம எம்.பி.மாரும் சம்பள உயர்வுக்கு குரல் குடுக்கிற மாதிரி இதுக்கும் குடுக்கணும், ஓட்டுக் கேட்டு வரும்போது கேளுங்க. இப்போதைக்கு தனியார்ல செய்யக்கூடியது, பெரிய கொம்பனின்னா மேலிடத்து மனிதவளப் பிரிவுக்கு திகதிகளோட எழுதுறது, வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு சப்ளை பண்ற கொம்பனின்னா அந்த வாடிக்கையாளரோட முறைப்பாட்டு மெயிலுக்கும் எழுதுறது. ரெண்டாவது வழி சில நேரம் வேகமா வேலை செய்யும், ஏன்னா அவங்களுக்கு ஓர்டர் முக்கியம்.

வெளிநாட்டுல சட்டம் இதைவிட பலம், ஆனா அங்கயும் நாள் கணக்கு இருக்கு. பிரித்தானியாவுல 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம் வேலைக்கு விண்ணப்பிக்கிறவங்களையும் காக்கும், முதல்ல ஏகாஸ்ங்கிற அமைப்புகிட்ட போகணும், பிறகு தொழில் தீர்ப்பாயம். நீண்ட காலமா இருந்த கெடு மூணு மாசத்துக்கு ஒரு நாள் குறைவு, அதை மனசுல வச்சு முதல் மாசமே போங்க. ஒன்டாரியோவுல மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்கு ஒரு வருஷம். அங்க கனேடிய அனுபவம் இருக்கான்னு கேக்கிறதே பாரபட்சமா ஆகலாம்னு அந்த மாகாண மனித உரிமை ஆணைக்குழு 2013ல கொள்கை வெளியிட்டுச்சு. 2026 ஜனவரி 1ல இருந்து 25 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்ற இடங்கள் பொது விளம்பரத்துல கனேடிய அனுபவம் வேணும்னு போடவே கூடாது, இன்டர்வியூ எடுத்தா 45 நாளுக்குள்ள, முடிவெடுத்தாச்சா இல்லையான்னு சொல்லவும் வேணும். அங்க இருக்கிற நம்ம பிள்ளைங்க இதைத் தெரிஞ்சு வச்சிருக்கணும், விளம்பரத்துல அந்த வரி இருந்தா படம் எடுத்து வைங்க.

கல்ஃப்ல ஒரே வேலைக்கு ஒவ்வொரு நாட்டுக்காரருக்கு ஒவ்வொரு சம்பளம் குடுக்கிற வழக்கம் ஊரறிஞ்சது. போக முன்னாடியே ஒப்பந்தத்துல பதவியோட பேரும் சம்பளமும் என்.வி.கியூ. மட்டத்துக்கு ஏத்த மாதிரி இருக்கான்னு பாருங்க. எலக்ட்ரீஷியன்னு சொல்லி ஹெல்பர்னு எழுதியிருந்தா கையெழுத்து வைக்காதீங்க, அங்க போன பிறகு மாத்தித் தர்றேன்னு சொல்றதை நம்பாதீங்க. ஏஜென்சிக்கு லைசென்ஸ் இருக்கான்னு வெளிநாட்டு வேலைவாய்ப்பு பணியகத்துல 1989க்கு அடிச்சு கேட்டுட்டு பிறகு காசைப் பத்தி பேசுங்க. ஒப்பந்தத்தோட ஒரு கொப்பியை அம்மாகிட்டயோ தங்கச்சிகிட்டயோ குடுத்துட்டு போங்க, பாஸ்போர்ட் கொப்பியும், இந்த பைல் முழுசோட ஸ்கேனும் சேர்த்து.